ஒன்பதாம் அத்தியாயம், பதினான்காவது நிமிடம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன், தொண்டையும் நன்றாக இருக்கிறது. என் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

ஒரு நல்ல செய்தி. விமர்சகர்கள் சங்கம், இந்த வருஷம் கேட்க வேண்டிய ஒலிப்புத்தகங்கள் என்று பத்துப் புத்தகங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் மூன்று எங்கள் பதிப்பகத்துடையவை. பட்டியல் வந்த அன்று பதிப்பாளர் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "புத்தகத்தைக் காதுல படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று இத்தனை வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பட்டியலை நகலெடுத்து அனுப்பிவைத்தார். அந்த மூன்றில் ஒன்று நான் வாசித்தது. சலவைக்கடை நடத்தும் ஒரு பெண்ணின் கதை. பதினாறு அத்தியாயம், ஒன்பது மணி நேரம்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ வந்து பார்த்ததில்லை. எங்கள் ஒலிப்பதிவு அறை உன் வீட்டு பீரோவைவிடக் கொஞ்சம் பெரியது. சுவரெல்லாம் பஞ்சு. நாற்காலி கிரீச்சிடக் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, மொடமொடக்கும் சட்டை கூடாது. பசித்தால் வயிறு பேசும்; வயிறு முட்டத் தின்றாலும் பேசும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிப்பதிவாளருக்கு நாங்கள் வைத்த பெயர் காதுக்காரர். என் வயிறு எந்தப் பக்கத்தில் எந்த வரியில் பேசியது என்று சொல்லிவிடுவார். பாராட்டுகிற வழக்கம் மட்டும் கிடையாது. இந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு தடவை பதிவை நிறுத்திவிட்டு, "யாரு சார் அந்தப் பாப்பா?" என்று கேட்டார். அவர் வாயில் இதைவிடப் பெரிய பாராட்டு வராது. நான் சிரித்துவைத்தேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று அத்தான் கேட்பார். போனில் நாம் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்பதைத் தாண்டியதே இல்லையே அக்கா. உன் போனில் இதைக் கேட்க என்ன செய்ய வேண்டும் என்று தனிச்சீட்டில் எழுதியிருக்கிறேன். நேரமில்லை என்றால் முதல் மூன்று அத்தியாயம் கேள், போதும். எனக்கு எத்தனை குரல் வரும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

~

ஜனவரி 28

என் தம்பிக்கு,

முழங்கால் இன்னும் என்னோடுதான் இருக்கிறது, படி ஏறும்போது மட்டும் கோபித்துக்கொள்கிறது. அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது. நீ வெந்நீர் குடிக்கிறாயா? ஐஸ் தண்ணீர் பக்கம் போகாதே.

தபாலாபீசில் காலையில் கட்டுகளைப் பிரிக்கும்போது உன் உறைதான் முதலில் கைக்கு வந்தது. எங்கள் போஸ்ட்மேன் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, எல்லாத் தெருவையும் சுற்றிவிட்டு, சாயங்காலம் வீட்டு வாசலில் வந்துதான் கொடுத்தார். "ரூல்ஸ்னா ரூல்ஸ் மேடம்" என்கிறார்.

பட்டியலில் நீ வந்தது எனக்கு ஆச்சரியமே இல்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் படி இறங்குவதற்குள் அவர்களை மாதிரியே இருமிக் காட்டுகிறவன் நீ. தலைமையாசிரியர் மாதிரி பேசி, அவரே பின்னால் வந்து நின்றதை மறந்துவிட்டாயா? ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் அடி வாங்கியது என்னவோ நான்தான், சிரித்ததற்காக. இப்போது பார், அதற்கே பேப்பரில் போடுகிறார்கள்.

முதல் மூன்று போதும் என்று எழுதியிருந்தாய். நீ எதையாவது பாதி மறைத்துவைத்து, நான் மீதியைத் தேடாமல் விட்டிருக்கிறேனா? ஒரு காதில் உன்னை மாட்டிக்கொண்டுதான் கடிதம் பிரிக்கிறேன். ஆறாம் அத்தியாயம் முடிந்துவிட்டது. அந்தச் சலவைக்கடைக்காரியின் மாமியார், நம் பெரியத்தைதானே? எனக்குத் தெரியும். சிரித்ததில் ஒரு கடிதக் கட்டை வேறு ஊர்ப் பையில் போட்டுவிட்டேன்.

மீதியையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அக்கா

~

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மாமியார் பெரியத்தையேதான். அத்தையிடம் சொல்லிவிடாதே, இன்னும் அவருக்கு நல்ல கைபலம் இருக்கிறது.

பட்டியல் வந்ததிலிருந்து எங்கள் அலுவலகம் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. போன வாரம் ஒரு பெரிய விமர்சகர் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் முக்கால் பக்கம் எழுதினார். பதிப்பாளர் அம்மா அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார். அதிலிருந்து கொஞ்சம் உனக்காக எழுதுகிறேன்:

"ஒன்பதாம் அத்தியாயத்தில் சலவைக்கடைக்காரியின் மகள் காய்ச்சலில் இறக்கிறாள். அந்தக் குழந்தைக்கு மூன்றே வரி. அதையும் இவர் நடிக்கவில்லை, ஒரு குழந்தை வந்து பேசிவிட்டுப் போகிறது. பிறகு அந்தத் தாய், உடலைத் தூக்க வந்தவர்களிடம், துணி எப்போது கிடைக்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரலில் பேசுகிறாள். இந்தக் குரலை இவர் எங்கிருந்து கொண்டுவந்தார்?"

நிறையப் பேர் அதையே கேட்கிறார்கள். பயிற்சி என்று சொல்லிவைத்திருக்கிறேன். விமர்சகர்கள் சங்கத்தின் இந்த வருஷப் பரிசுக்கும் பதிப்பகத்தின் பெயர் போயிருக்கிறது. மே மாதம் தெரியும்.

நீ எந்த அத்தியாயத்தில் இருக்கிறாய்?

உன் தம்பி

~

மார்ச் 10

அக்கா,

உன்னிடமிருந்து ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. போன் செய்தால், "சாப்ட்டியா?" என்கிறாய், நான் சாப்பிட்டேன் என்றதும் வைத்துவிடுகிறாய். நீ ஒன்பதைக் கேட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆறாவதோடு நிறுத்துகிற ஆளா நீ?

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பயந்துபோய், மூன்று அத்தியாயம் போதும் என்று மழுப்பினேன். அந்தத் தாய் பேசுவது உன் குரல்தான் அக்கா.

இருபத்திரண்டு வருஷம் முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில், உன் மகளைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். நான் பிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பால் வாங்கி வந்த பிளாஸ்க். அத்தான் சுவரைப் பார்த்து நின்றார். நீ அழவில்லை. "தலையத் தாங்கிப் பிடிங்க, கழுத்து வலிக்கும்" என்றாய். தபாலாபீஸ் ஜன்னலில், "ஸ்டாம்ப ஒட்டிட்டுக் கொடுங்க" என்று சொல்வாயே, அதே குரலில் சொன்னாய். அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவே இல்லை. ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வந்தபோது எந்தக் குரலில் வாசித்தாலும் பொய்யாக இருந்தது. கடைசியில் உன்னுடையதை எடுத்தேன். வாசித்து முடித்ததும் நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெரியத்தையின் குரலைத் திருடினால் சிரிப்பு. உன்னிடம் திருடியது அப்படியில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

திட்டியாவது எழுது.

தம்பி

~

ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். எனக்குக் கரும்பலகையில் எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதி வெகு நாளாயிற்று. உன் அக்காவுக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவள் இப்போதெல்லாம் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். முதலில் சமைக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் இடுக்கில் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் போனை எடுத்துப் பார்த்தேன். உன் புத்தகம். ஒன்பது என்று இருந்தது. மறுநாளும் பார்த்தேன், ஒன்பது. ஒரு மாதமாக ஒன்பதுதான். வெளியே வரும்போது முகம் கழுவியிருக்கிறாள். கேட்டால் வெங்காயம் என்கிறாள். அன்றைக்குச் சாப்பாட்டில் வெங்காயமே இல்லை.

இந்த வீட்டில் நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. உனக்குத் தெரியும். எடுக்காமல் இருந்துதான் இத்தனை வருஷத்தைத் தள்ளினோம். நீ அதில் என்ன வாசித்திருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை, என்னால் முடியாது. அவளைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. உன்னால் ஏதாவது செய்ய முடிந்தால் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடுவதானால் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடு.

அத்தான்

~

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை.

நீ தினமும் என்ன படுகிறாய் என்று எனக்குத் தெரியவந்தது. எப்படி என்று கேட்காதே. இனிமேல் அப்படி இருக்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பதிப்பாளர் அம்மாவிடம் போய், ஒன்பதாம் அத்தியாயத்தை மறுபடி வாசித்துத் தருகிறேன், பழையதை எடுத்துவிடுங்கள் என்றேன். முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். "ஊரே அந்த அத்தியாயத்தத்தான் கொண்டாடுது, உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். பிறகு, பரிசு நடுவர்கள் போன மாதமே கேட்டு முடித்துவிட்டார்கள், உங்கள் இஷ்டம் என்றார். நல்ல மனுஷி.

இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். இப்போது அதில் யார் குரலும் இல்லை. தாயும் இல்லை, குழந்தையும் இல்லை, தூக்க வந்தவர்களும் இல்லை. நான் மட்டும், அரசாங்க அறிவிப்பு வாசிக்கிற மாதிரி தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்திருக்கிறேன். நாளைக் காலையில் எல்லார் போனிலும் புதியது வந்துவிடும், பழையது தானாகப் போய்விடும். காதுக்காரர், "பழசத் தனியா ஒரு எடத்துல எடுத்து வைக்கட்டுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருந்தால் என்றைக்காவது யாராவது எடுத்துப் போடுவார்கள். என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன். அவர் அழித்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

உனக்காக நான் செய்த நல்ல காரியம் என்று ஒன்றையும் சொல்ல முடியாது. இதையாவது செய்தேன் என்று இருக்கட்டும். இனி நீ சமையலறைக் கதவைத் திறந்தே வைக்கலாம்.

உன் தம்பி

~

ஏப்ரல் 8

என் அருமைத் தம்பிக்கு,

நல்லபடியாக இருக்கிறாயா? உன் மார்ச் மாதக் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். இன்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. நீ பாட்டுக்கு எதையெதையோ நினைத்து நொந்துபோய் எழுதியிருக்கிறாய். அந்தத் தாய் நான்தான் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. யாரோ ஒருத்தி எவ்வளவு நிதானமாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். நான் அப்படியா பேசினேன்? அந்த வராந்தா எனக்கு நினைவில்லை. உன் கையில் பிளாஸ்க் இருந்ததும் நினைவில்லை.

நான் தினமும் கேட்பது அவளை இல்லை. அதற்கு முன்னால், பதினான்காவது நிமிடத்தில், அந்தக் குழந்தை, "அம்மா, கதவச் சாத்தாத. நான் இன்னும் தூங்கல" என்கிறது. அது என் மகள்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அத்தானிடம்கூட. எனக்கு அவள் குரல் மறந்துபோயிருந்தது. மூன்று போட்டோ இருக்கிறது. முன்பல் விழுந்திருந்ததால் போட்டோக்காரர் மூன்றிலும் வாயை மூடச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் குரலை யார் பிடித்துவைத்தார்கள்? முதல் சில வருஷம் காதுக்குள் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பிறகு என்ன சொன்னாள் என்பது இருந்தது, எப்படிச் சொன்னாள் என்பது போய்விட்டது. என்றைக்குப் போனது என்றுகூடத் தெரியவில்லை. பெற்றவளுக்கே மறந்துவிட்டது என்று வெளியில் சொல்ல முடியுமா? எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்குக் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தேன். "நான் இன்னும்" என்று சொல்லி ஒரு இடத்தில் நின்றாள். பிறகு "தூங்கல" என்று அவசரமாகச் சொல்லி முடித்தாள். கடைசி வார்த்தைக்கு முன்னால் நின்று, அனுமதி கேட்கிற மாதிரி மேலே பார்த்துவிட்டு, சட்டென்று சொல்லி முடிப்பாளே. "மாமா, இன்னொரு தடவ... சொல்லு" என்று உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதை கேட்பாளே. கையில் இருந்த கட்டு கீழே விழுந்துவிட்டது. போஸ்ட்மேன் தண்ணீர் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு என் மகள் என்னைக் கூப்பிட்டாள்.

உடனே ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால் நீ அழுவாய், நான் உன்னைத் தேற்ற வேண்டும். எனக்கு அந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் தனியாக இருக்க வேண்டும் போலிருந்தது. சின்ன வயதில் உனக்குப் பங்கு கொடுக்காமல் நான் எதையும் தின்றதில்லை. இதை மட்டும் தனியாக வைத்துக்கொண்டேன், கோபிக்காதே.

உன் அத்தானுக்கும் ஒரு நாள் போட்டுக் காட்ட வேண்டும். தாங்குவாரா என்று தெரியவில்லை, அதனால் தள்ளிப்போடுகிறேன்.

உன்னைப் பாராட்டிய விமர்சகர்களெல்லாம் நன்றாக இருக்கட்டும். மணி ஐந்தரை ஆகிறது. அடுப்பைப் பற்றவைக்குமுன் ஒரு தடவை கேட்டுவிட்டு வருகிறேன்.

அக்கா

~

ஏப்ரல் 14

தம்பிக்கு,

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் இன்றுதான் வந்தது. நான் எட்டாம் தேதி எழுதியது இதற்குள் உனக்கு வந்திருக்கும்.

பத்தாம் தேதி சாயங்காலம் ஒன்பதைப் போட்டேன். பதினான்காவது நிமிடத்தில் நீ வாசித்துக்கொண்டிருந்தாய். உச்சரிப்பு நன்றாக இருந்தது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுநாள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் இருந்த பெண் துடைத்துப் பார்த்துவிட்டு, "போன்ல ஒரு கோளாறும் இல்ல ஆன்ட்டி" என்றாள்.

முழங்கால் பரவாயில்லை. வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

அக்கா

~

மே 6

அக்கா,

உன் இரண்டு கடிதமும் என் முன்னால் இருக்கின்றன. எட்டாம் தேதிக் கடிதம் என் கைக்குப் பதின்மூன்றாம் தேதிதான் வந்தது. எழுதிய அன்றே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ போன் செய்திருக்கக் கூடாதா என்று முதலில் உன்மேல் கோபம் வந்தது. அப்புறம், அழிப்பதற்கு முன்னால் நான் உனக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்று தோன்றியது. அதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காதுக்காரரிடம் ஓடினேன். அவர் மூன்று நாள் தேடினார். நான் அழிக்கச் சொன்னதை அவர் ஒழுங்காக அழித்திருக்கிறார். நடுவர்களும் அதே செயலியில்தான் கேட்டார்களாம், அவர்களிடமும் இப்போது புதியதுதான் இருக்கிறது. பதிப்பாளர் அம்மா அந்த விமர்சகருக்கே போன் போட்டுக் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை அக்கா. எங்கேயும் இல்லை.

மறுபடி வாசித்துவிடலாம் என்று அறைக்குள் உட்கார்ந்தேன். அந்த ஒரு வரி. நாற்பத்து மூன்று தடவை சொன்னேன். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன், அவசரமாகவும் முடிக்கிறேன். ஐம்பது வயது ஆள் குழந்தை மாதிரி பேசுவதுபோல அசிங்கமாக இருக்கிறது. அன்றைக்கு நான் அவளை நினைத்து வாசிக்கவே இல்லை. என் நினைப்பெல்லாம் அடுத்து வரப்போகிற உன் குரலில் இருந்தது. அவள் எனக்குத் தெரியாமல் வந்துவிட்டுப் போயிருக்கிறாள். காதுக்காரர், "யாரு சார் அந்தப் பாப்பா?" என்று கேட்டாரே, அன்றைக்கு அவருக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. பாராட்டு என்று சிரித்தேன். நாற்பத்து மூன்றாவது தடவைக்குப் பிறகு அவரே உள்ளே வந்து மைக்கை அணைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

நேற்றுப் பரிசு விழா. பரிசு எங்கள் பதிப்பகத்துக்குத்தான். ஒன்பதாம் அத்தியாயத்தைக் குறிப்பிட்டு மேடையில் ஒரு பத்தி வாசித்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பதிப்பாளர் அம்மா கேடயத்தை வாங்கி என் கையில் கொடுத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று கையால் காட்டிவிட்டு இறங்கிவிட்டேன். கேடயம் செருப்பு வைக்கிற அலமாரியில் இருக்கிறது.

உன்னிடம் இருந்த அந்த ஒன்றையும் நான் பிடுங்கிவிட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. இந்தத் தடவை குறை சொல்ல ஆள் இருக்கிறேன்.

இப்போது வாசிக்கும் புத்தகம் ஜூன் பதினைந்தில் முடிகிறது. அதன் பிறகு வந்து உன்னைப் பார்க்கலாமா? நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

தம்பி

~

மே 19

தம்பிக்கு,

உடம்பை இப்படிக் கெடுத்துக்கொள்ளாதே. தூக்கம் இல்லாவிட்டால் உனக்கு முதலில் போவது தொண்டைதான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். நீ நல்லதுக்குத்தான் செய்தாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சாயங்காலம் ஆறு மணியானால் உன்மேல் ஆத்திரம் வருகிறது. ஏழு மணிக்குப் போய்விடுகிறது.

உன் அத்தான் உனக்கு எழுதியதை என்னிடம் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட விலாசத்துக்கு நீ போட்ட பதிலை வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "என்னாலதான்" என்றார். பிறகு நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வார்த்தைக்கு முன்னால் நிற்பாளே என்றேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "குண்டூசி வேணும்னு நிக்கமாட்டா. பல்லு விழுந்த எடத்துல நாக்கு மாட்டிக்கும், அதான்" என்றார்.

குண்டூசி என்று சொன்னார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளுடைய அந்தச் செல்லப்பெயரை இந்த வீட்டில் சொன்னார்.

அதிலிருந்து எங்களுக்குள் தினமும் சண்டை. பல் விழுவதற்கு முன்னாலேயே அவள் அப்படித்தான் நிற்பாள் என்கிறேன். இல்லவே இல்லை என்கிறார். "அப்பா" என்று அவள் கூப்பிட்டால் கடைசியில் இழுப்பாள் என்கிறார். எனக்கு அது நினைவே இல்லை. நேற்று, "நீ வேலைக்குப் போனப்புறம் எங்கூடத்தான இருந்தா, எனக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டுப் போய்க் குழாயடியில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சமையலறைக் கதவை இப்போது சாத்துவதில்லை.

அவர் சொல்வது ஒரு குழந்தை, நான் சொல்வது வேறொரு குழந்தை மாதிரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எது சரி என்று சொல்ல ஒன்று இருந்தது. அதை நீ அழித்துவிட்டாய். வேறு யாரிடம் போய்க் கேட்பது? அவளுக்குக் கதை சொன்ன ஆள் நீ ஒருத்தன்தான்.

அதனால் வா. வந்து எங்கள் இரண்டு பேர் முன்னாலும் உட்கார்ந்து அந்த வரியைச் சொல். தப்பு என்றால் தப்பு என்கிறோம், மறுபடி சொல். நாற்பத்து மூன்று தடவைக்கெல்லாம் உன்னை விடமாட்டோம். பதிவு செய்கிற சாமான் எதையும் கொண்டுவராதே. கேடயத்தையும் கொண்டுவராதே, வைக்க இடமில்லை.

ஜூன் பதினைந்து வரை காத்திருக்க வேண்டாம். உன் பதிப்பாளர் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல், விடுவார். இரண்டு மாதம் தினமும் கேட்டேன், நன்றாகப் பதிந்துவிட்டது, இனிப் போகாது என்று நினைத்தேன். இப்போது சண்டை போடப்போட அவர் சொல்வது மாதிரியும் கேட்கிறது, நான் சொல்வது மாதிரியும் கேட்கிறது. நேற்று குளிக்கும்போது நினைத்துப் பார்த்தேன். அவள் நின்றது கேட்டது. அதற்குப் பிறகு வருகிற வார்த்தை கேட்கவில்லை.

சீக்கிரம் வா.

அக்கா